கராஜுக்குள் போன சக்கர நாற்காலி

தை பிறந்தும் தணியாத குளிரில், தமிழ் என்று சொன்னதும் தடித்த கோட்டை மாட்டிக்கொண்டு, ரயில் மாறிப் பஸ் மாறி, இந்த ஹரோ மண்டபத்தை வந்து நிறைத்திருக்கும் என் இனிய சொந்தங்களே, கையில் மணியும் கண்ணில் கடிகாரமும் வைத்திருந்தாலும் மனதில் மாறாத கருணை வைத்திருக்கும் விழாத் தலைவர், மதிப்புக்குரிய சிவானந்தன் அண்ணை அவர்களே, தமிழ்நாட்டில் பிறந்து, தேம்ஸ் கரையில் சிறந்து, எங்கள் பிள்ளைகளின் நாடியோடு எங்கள் நக்கலையும் புரிந்துகொண்ட மருத்துவர் பாஸ்கரன் அவர்களே, முன்வரிசையில் முத்துக்களாய் வீற்றிருக்கும் மூத்தோரே, மடியில் பிள்ளையும் மனதில் பேச்சும் தாங்கியிருக்கும் தாய்மாரே, சமையலறைக் கதவருகே நின்று, இவள் எப்போது முடிப்பாள், பொங்கல் எப்போது வரும் என்று பார்த்திருக்கும் பெருந்தகையோரே, உங்கள் எல்லோருக்கும் செல்வமலரின் தலை தாழ்ந்த வணக்கம்.

என்னை அறியாதவர்கள் சிலர் இருக்கலாம். பகலில் பஸ் ஓட்டுகிறவள் நான். லண்டன் மாநகரின் சிவப்பு இரட்டைத்தட்டுப் பஸ். மாலையில் மேடை கிடைத்தால் மேடையையும் ஓட்டுவேன். சனம் கூடினால் இரண்டும் தாமதமாகும் என்று நம் தலைவர் போன வருடம் சொன்னார். மறக்கவில்லை அண்ணை, அந்தக் கணக்கை இன்றைக்குத் தீர்க்கிறேன்.

எனக்குத் தந்த தலைப்பு, தமிழர் விருந்தோம்பல். பொங்கல் விழாவில் பேச இதைவிடப் பாதுகாப்பான தலைப்பு உண்டா? வாசலைத் திறந்தோம் என்று தொடங்கலாம், வாழையிலை விரித்தோம் என்று வளர்க்கலாம், வயிறு நிறைத்தோம் என்று முடிக்கலாம். நடுவில் நாலு மேற்கோள், கடைசியில் நல்ல கைதட்டு, பிறகு சுடச்சுடப் பொங்கல். ஆனால் சொந்தங்களே, நான் இன்றைக்கு மேற்கோள் கொண்டுவரவில்லை. ஒரு தட்டு ரோல்ஸ் கொண்டுவந்திருக்கிறேன். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், கொஞ்ச நேரத்துக்கு நானும் சேர்ந்து சிரிக்கிறேன்.

அந்த ரோல்ஸ் பொரிந்தது என் பக்கத்து வீட்டில். அந்த வீட்டுத் தாயின் பெயர் யசோதினி. தந்தையின் பெயர் கிருஷாந், ஹீத்ரோவில் சரக்குப் பகுதியில் ஷிப்ட் வேலை. மூத்த மகள் ஜதுர்ஷிகா பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். இளையவள் கம்சிகா, வயது பன்னிரண்டு. அவர்கள் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார்கள். ஊர்க் கதையை ஒலிபெருக்கியில் சொல்கிறாளே இவள் என்று நினைக்காதீர்கள். யசோதினியிடம் அனுமதி கேட்டேன். ‘என்ர பேரையும் சேத்துச் சொல்லுங்கோ அக்கா. ஒளிச்சது போதும்’ என்றார். கம்சிகாவிடமும் கேட்டேன். அவள் ஒரு நிபந்தனை போட்டாள். ‘ஓகே அன்ரி. பட், பாவம் எண்டு மட்டும் சொல்லக்கூடாது.’ சொல்லமாட்டேன் கண்ணே. சத்தியம்.

கம்சிகாவுக்கு ஒரு நோய். தசைகள் மெல்ல மெல்லத் தளரும் நோய். அதன் முழுப் பெயரைச் சொல்லத் தொடங்கினால் தலைவர் மணி அடித்துவிடுவார். அவ்வளவு நீளம். அவ்வளவு அரிது. இந்த நாடு முழுவதையும் சலித்தெடுத்தாலும், அந்த நோயுள்ள பிள்ளைகளை என் பஸ்ஸின் கீழ்த்தட்டிலேயே இருத்திவிடலாம். முதலில் அவளால் ஓட முடியாமல் போனது. பிறகு நடக்க முடியாமல் போனது. இப்போது கைக்கு வந்து நிற்கிறது.

அந்த நோய்க்குப் புதிதாக ஒரு மருந்து வந்திருக்கிறது. மந்திரம் இல்லை, மாயம் இல்லை. போனதைத் திருப்பித் தராது. இருப்பதை இருக்கவிடும். இன்றைக்குத் தூக்கும் கரண்டியை அடுத்த வருடமும் தூக்கவிடும். அவ்வளவுதான். அவ்வளவுதானா என்று கேட்கிறவர்கள், நாளைக் காலையில் உங்கள் இரண்டு கையையும் மேசையில் வைத்துவிட்டு, தூக்காமல் ஒரு தேத்தண்ணி குடித்துப் பாருங்கள்.

ஆனால் மருந்து இருந்தால் போதுமா? அதற்கு யார் பணம் கொடுப்பது? கிருஷாந் ஆயுள் முழுக்க ஓவர்டைம் செய்தாலும் கட்டாது. கொஞ்சப் பேருக்காகச் செய்யும் மருந்து என்பதால் அதன் விலையே வேறு. அரசுதான் கொடுக்க வேண்டும். கொடுக்கலாமா, கூடாதா என்று ஒரு குழு கூடி ஆராய்கிறது. அந்தக் குழுவைத் திட்டிக் கைதட்டு வாங்க எனக்குத் தெரியும். வாங்கமாட்டேன். ஒரே பணப்பை. அதிலிருந்துதான் உங்கள் அப்பாவின் கண் ஒப்பரேஷன், அதிலிருந்துதான் என் முழங்கால், அதிலிருந்துதான் பிரசவ வார்டில் இன்றைக்குப் பிறக்கும் பிள்ளையின் முதல் ஊசி. அள்ளிக் கொடுத்துவிட்டுக் கையை விரிக்க முடியாது. ஆகவே அவர்கள் கேட்கிறார்கள். இந்த நோயோடு வாழ்வது எப்படி இருக்கிறது? இந்த மருந்து உங்கள் வீட்டில் எதை மாற்றும்? நியாயமான கேள்விதான். ஆயிரக்கணக்கானோருக்கு வரும் நோய் என்றால் ஆயிரம் வாய் பதில் சொல்லும். ஒரு பஸ்ஸின் கீழ்த்தட்டு அளவு பிள்ளைகளுக்கு வரும் நோய் என்றால், ஒவ்வொரு வாயும் ஒரு ஊருக்குச் சமம்.

அந்தப் பதில்களைக் கேட்டுச் சேர்ப்பதற்கு ஒரு பெண்மணி வந்தார். ஹெலன் என்று பெயர். நோயாளர் குடும்பங்களுக்காக நடக்கும் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை. வீடு வீடாகப் போய், குடும்பங்கள் சொல்வதைக் கேட்டு, குழுவின் முன் வைப்பது அவர் பணி. போன கோடையில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் யசோதினி வீட்டுக்கு வருவதாகச் சொன்னார்.

இனித்தான் விருந்தோம்பல்.

வீட்டுக்கு ஒரு ஆள் வருகிறது என்றால் எங்கள் வீடுகளில் என்ன நடக்கும்? கார்ப்பெற் தூசு உறிஞ்சப்படும், கண்ணாடி துடைக்கப்படும், குசினிக்குள் எண்ணெய் கொதிக்கும். விடியவே எழும்பினார் யசோதினி. உருளைக்கிழங்கு வைத்து ரோல்ஸ் உருட்டினார், பற்றிஸ் மடித்தார், கட்லட் தட்டினார், வந்தவர் காரம் சாப்பிடாவிட்டால் என்று கேக்கும் அடித்தார். வாசனை என் வீட்டு ஜன்னலைத் தட்டியது. எனக்கு அப்போது மகிழ்ச்சிதான், பக்கத்து வீடென்றால் மிச்சம் வருமல்லவா?

சமையல் முடிந்தது. பிறகு வீட்டை ஒழுங்கு செய்தார்கள். என்ன ஒழுங்கு தெரியுமா? கம்சிகாவின் சக்கர நாற்காலி நடு அறையில் நின்றது. பற்றரியில் ஓடும் பெரிய நாற்காலி. வருகிறவ இடறி விழுந்தால் என்ன செய்வது என்று அதைத் தள்ளிக்கொண்டு போய்க் கராஜுக்குள் விட்டார் கிருஷாந். பழைய பெயின்ற் வாளிகளுக்கும் புல்வெட்டும் இயந்திரத்துக்கும் நடுவில். பிள்ளையைத் தூக்கி இருத்தும் கொக்கியும் பட்டியும் அங்கேயே போயின. இரவில் மூச்சுக்கு வைக்கும் இயந்திரம் அலுமாரிக்குள் போனது. கம்சிகாவுக்குப் பட்டுப் பாவாடை கட்டி, தலை பின்னி, பொட்டு வைத்து, சோபாவின் மூலையில் தலையணைகளை முட்டுக் கொடுத்து இருத்தினார்கள். யாராவது பார்த்தால், பரதநாட்டியத்துக்குப் போகக் காத்திருக்கும் பிள்ளை என்றுதான் நினைப்பார்கள்.

பிள்ளை கேட்டிருக்கிறாள், ‘அம்மா, செயர் இல்லாமல் நான் எப்படி டொயிலற்றுக்குப் போறது?’

‘அவ போகுமட்டும் பொறு பிள்ளை.’

இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

ஹெலன் வந்தார். தட்டு வந்தது. ஹெலன் கேட்டார், இரவுகள் எப்படி? யசோதினி சொன்னார், ‘நைட்ஸ் ஓகே. நோ ப்ராப்ளம். பிளீஸ், டேக் வன் மோர்.’ இரவில் எத்தனையோ தரம் எழும்பிப் பிள்ளையைப் புரட்டிப் படுக்க வைக்கிறவர் அவர், மூச்சு இயந்திரத்தின் முகமூடி விலகிவிட்டதா என்று இருட்டில் கையால் தடவிப் பார்க்கிறவர் அவர். ஹெலன் கிருஷாந்திடம் கேட்டார், வேலைக்கு இடைஞ்சல் உண்டா? ‘வீ மேனேஜ். வீ மேனேஜ்.’ பிள்ளையின் ஆஸ்பத்திரி நாட்களுக்காக மேற்பார்வையாளர் பதவியையே வேண்டாம் என்று சொன்னவர் அவர். ஹெலன் கம்சிகாவிடம் திரும்பினார். உனக்கு எது கஷ்டம் கண்ணே? கம்சிகா தாயின் முகத்தைப் பார்த்தாள். தாயின் முகத்தில் என்ன எழுதியிருந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? நாம் எல்லோரும் அந்த முகத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே. ‘நத்திங். ஐ ஆம் ஃபைன்’ என்றாள் பிள்ளை.

ஹெலன் ஒரு ரோல்ஸை எடுத்து அவள் பக்கம் நீட்டினார், நீயும் சாப்பிடேன் என்று. யசோதினி முந்திக்கொண்டார். ‘ஷீ ஓல்ரெடி ஏற்.’ சாப்பிட்டுவிட்டாளாம்.

சாப்பிடவில்லை சொந்தங்களே. காலையிலிருந்து அந்தப் பிள்ளை சாப்பிடவில்லை. கை நடுங்கும், நேரம் எடுக்கும், பட்டுப் பாவாடையில் கொட்டும், வந்தவ பார்ப்பா. விருந்துக்குப் பேர்போன இனம் நாங்கள். அந்த வீட்டில் விருந்தாளி வயிறு நிறையச் சாப்பிட்டார், போகும்போது பார்சலும் கொண்டுபோனார், பக்கத்து வீட்டுக்கு எனக்கும் தட்டு வந்தது. யாருக்காக அந்த விருந்தாளி வந்தாரோ, அந்தப் பிள்ளை மட்டும் பசியோடு இருந்தது.

‘நல்ல மனுசி அக்கா. வடிவாச் சாப்பிட்டவ’ என்று யசோதினி என்னிடம் வேலிக்கு மேலால் பூரித்துப் போய்ச் சொன்னார். பொய் சொன்னோம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. வந்தவரை மகிழ்வித்து அனுப்பினோம் என்றுதான் தோன்றியது.

டாக்டர் பாஸ்கரன், நீங்கள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுகிறீர்கள். கொஞ்சம் சொல்லுங்கள். எப்படி இருக்கிறீர்கள் என்று நீங்கள் கேட்டால், எங்கள் சனம் என்ன சொல்லும்? சத்தமாகச் சொல்லுங்கள் டாக்டர், மைக் இல்லாமலே கேட்கும். கேட்டீர்களா? ‘ரெண்டு பேர் தாங்கிப் பிடிச்சுக் கூட்டிட்டு வருவாங்க. கேட்டா, நல்லா இருக்கேன் டாக்டர், நீங்க சாப்பிட்டீங்களானு கேப்பாங்க’ என்கிறார். இந்தியத் தமிழரோ இலங்கைத் தமிழரோ, ஆமா என்பவரோ ஓம் என்பவரோ, இதில் மட்டும் எங்களுக்குள் எல்லையே இல்லை.

ஏன் இப்படி? யசோதினியைக் குறை சொல்லவா இந்த மேடை? இல்லை. எங்களுக்கு இது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். குரோய்டனில் அகதி விண்ணப்பம் வாங்கும் அந்தப் பெரிய கட்டடத்தின் முன்னே, கையில் பிள்ளையோடும் பையோடும் வரிசையில் நின்றவர்கள் இங்கே எத்தனை பேர்? கை தூக்க வேண்டாம், கண்ணைப் பார்த்தாலே தெரிகிறது. அன்றைக்கு ஒரு முடிவு எடுத்தோம். இந்த நாட்டுக்குப் பாரமாக இருக்கக்கூடாது. கேட்டால், பிரச்சினை இல்லை என்று சொல்ல வேண்டும். அந்த வைராக்கியத்தில் கடை திறந்தோம், வீடு வாங்கினோம், பிள்ளைகளைப் படிப்பித்தோம். அந்த வைராக்கியத்தை நான் வணங்குகிறேன். ஆனால் அதே வைராக்கியம் ஒரு பிள்ளையின் சக்கர நாற்காலியைக் கராஜுக்குள் தள்ளும்போது, நான் எப்படி வாயை மூடிக்கொண்டிருப்பேன்?

இன்னொரு காரணமும் உண்டு. அதைச் சொன்னால் சிலருக்குச் சுருக்கென்று தைக்கும். தைக்கட்டும். மூத்தவளுக்கு நாளைக்குக் கலியாணத்துக்கு ஒரு இடம் பேச வேண்டும். இளையவளுக்கு இப்படி ஒரு நோய் என்று தெரிந்தால், பரம்பரை வருத்தமோ என்று நாலு பேர் கேட்பார்கள். அந்த நாலு பேரை நான் தேடிக்கொண்டிருக்கிறேன் சொந்தங்களே. ஈஸ்ட் ஹாம் நகைக் கடையிலும் தேடினேன், கோயில் வாசலிலும் தேடினேன். கண்டுபிடிக்க முடியவில்லை. இன்றைக்கு இந்த மண்டபத்துக்கும் வந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். வந்திருந்தால், உங்களுக்கும் பொங்கல் உண்டு, சாப்பிட்டுவிட்டு அமைதியாகப் போங்கள்.

இலையுதிர் காலத்தில் குழு தன் முதல் முடிவைச் சொன்னது. இப்போதைக்கு இல்லை. கதவை அடைத்துவிடவில்லை, ஆனால் திறக்கவும் இல்லை. மருந்து எவ்வளவு நன்மை செய்யும் என்பதற்குச் சான்று போதவில்லை. இந்த நோய் ஒரு வீட்டை எப்படித் தாக்குகிறது என்பது தெளிவாகவில்லை. குடும்பங்கள் சில, தாங்கள் நன்றாகச் சமாளிப்பதாகச் சொல்லியிருக்கின்றன.

ஹெலன்தான் போன் எடுத்துச் சொன்னார். யசோதினி அழுதுகொண்டே கேட்டார், ஏன் எங்கள் பிள்ளையைப் பற்றி நீங்கள் சொல்லவில்லை? ஹெலன் கோபிக்கவில்லை. நீங்கள் சொன்னதைத்தான் நான் சொன்னேன் என்றார். மிக மெதுவாகச் சொன்னாராம். மெதுவாகச் சொன்னதால்தான் அது அவ்வளவு ஆழமாக இறங்கியது என்று யசோதினி சொன்னார்.

அன்றைக்குக் குசினிக்குள் ஒரு குரல் எழுந்தது. மூத்தவள் ஜதுர்ஷிகாவின் குரல். இங்கே பிறந்த பிள்ளை. வீட்டில் அவள் பேசுவது முக்கால்வாசி ஆங்கிலம். ஆனால் அன்றைக்கு, ஒரு சொல் பிசகாமல் தமிழில் சொன்னாள். ‘அம்மா, என்ர கலியாணத்துக்காகத் தங்கச்சியைக் கராஜுக்குள்ள வைக்காதேங்கோ. அவளை ஒளிச்சுத்தான் எனக்கு ஒரு வீடு கிடைக்கும் எண்டால், எனக்கு அந்த வீடு வேண்டாம்.’

கைதட்டுங்கள். இதற்குத் தட்டாவிட்டால் வேறு எதற்குத் தட்டுவது? தட்டியது போதும், அந்தப் பிள்ளைக்கு வெட்கம் வருகிறது.

ஹெலனை மறுபடி அழைத்தார்கள். இந்த முறை இரவுச் சாப்பாட்டு நேரத்துக்கு வாருங்கள் என்றார்கள். நாற்காலி நடு அறையில் நின்றது. மூச்சு இயந்திரம் கட்டிலருகே இருந்தது. பட்டுப் பாவாடை இல்லை, பள்ளிக்கூட ஸ்வெட்டர்தான். ரோல்ஸ் செய்யாமல் விட்டாரா யசோதினி என்று கேட்கிறீர்களா? அது எப்படி விடுவார்? செய்தார். ஆனால் இந்த முறை முதல் தட்டைக் கம்சிகாவின் முன்னால் வைத்தார்.

கம்சிகா சாப்பிடத் தொடங்கினாள். வலது முழங்கையை மேசை விளிம்பில் ஊன்றினாள். இடது கையை வலது மணிக்கட்டுக்குக் கீழே கொடுத்து மேலே உந்தினாள். கை பாதி வந்தது. மிச்சப் பாதியைத் தலை குனிந்துபோய் எடுத்துக்கொண்டது. ஒரு கடி. கை விழுந்தது. மறுபடி முழங்கை, மறுபடி மணிக்கட்டு, மறுபடி தலை. உருளைக்கிழங்கு மேசையில் சிந்தியது. தாயின் கை தன்னையறியாமல் உதவிக்குப் போனது. ஜதுர்ஷிகா அந்தக் கையைப் பிடித்து மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டாள். ஹெலன் தன் தட்டைத் தொடவில்லை. நீ முடி, பிறகு நான் சாப்பிடுகிறேன் என்று கம்சிகாவிடம் சொன்னார். விருந்தாளி முதலில் சாப்பிட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அன்றைக்கு ஒரு விருந்தாளி, வீட்டுப் பிள்ளைக்காகக் காத்திருந்தார். ஹெலனின் தட்டில் ரோல்ஸ் ஆறிப்போனது.

பிறகு ஹெலன் அதே கேள்வியைக் கேட்டார். உனக்கு எது கஷ்டம் கண்ணே? கம்சிகா இந்த முறை தாயைப் பார்க்கவில்லை. ‘ஸ்கூலிலை லஞ்ச் டைம் முடிஞ்சிடும். எனக்குச் சாப்பாடு முடியாது’ என்றாள். மருந்து கிடைத்தால் உனக்கு என்ன வேண்டும்? ஓட வேண்டும் என்று சொல்லவில்லை. ஆட வேண்டும் என்று சொல்லவில்லை. ‘ஆரும் எனக்குத் தீத்தக்கூடாது’ என்றாள். தீத்துவது என்றால் ஊட்டிவிடுவது, டாக்டர். அவ்வளவுதான் அவள் கேட்டது. தன் கையால் தன் வாய்க்கு. அதற்குமேல் ஒன்றுமில்லை.

என்ன அண்ணை? அந்த நீல ஸ்கார்ஃப் போட்ட அண்ணை, ஏதோ சொன்னீர்கள். பரவாயில்லை, சத்தமாகச் சொல்லுங்கோ. ‘ஒரு பிள்ளைக்கு இவ்வளவு காசோ?’ என்று கேட்கிறார். ஒருவரும் அவரை முறைக்க வேண்டாம். வரி கட்டுகிற மனிதர், கேட்க வேண்டிய கேள்வி. மனதுக்குள் வைத்துக்கொள்ளாமல் கேட்டாரே, அதற்கு நன்றி. பஸ் ஓட்டுகிறவளுக்குத் தெரிந்த பதிலைச் சொல்கிறேன்.

என் பஸ்ஸின் நடுக்கதவின் கீழே ஒரு சாய்பலகை இருக்கிறது. ஒரு பட்டனை அழுத்தினால் நாக்கைப் போல வெளியே நீளும், சக்கர நாற்காலி ஏறும். லண்டனில் ஒவ்வொரு பஸ்ஸிலும் அது உண்டு. அதைச் செய்யக் காசு, பூட்டக் காசு, பழுதானால் திருத்தக் காசு. ஆனால் என் ஷிப்ட் முழுவதிலும் ஒருவர்தான் ஏறுவார். சில நாள் ஒருவரும் ஏறமாட்டார். அந்தச் செலவை ஏறுகிறவர்களின் தலையில் பிரித்துப் பார்த்தால் என்ன வரும்? ஒரு டிக்கெட்டுக்கு ஒரு விமானமே வாங்கலாம். அதற்காக, கழற்றி எறியுங்கள் என்று யாராவது சொன்னதுண்டா? பலகை நீளும்போது பஸ் நிற்கும். உள்ளே இருப்பவர்கள் பெருமூச்சு விடுவார்கள், கடிகாரம் பார்ப்பார்கள். ஆனாலும் காத்திருப்பார்கள். ஏன்? அது எல்லோருடைய பஸ். எல்லோருடைய பஸ் என்றால், கடைசி ஆளும் ஏறும் பஸ். கடைசி ஆளை விட்டுவிட்டுப் போனால், அது வேகமாகப் போகலாம், நேரத்துக்குப் போகலாம், ஆனால் அது எல்லோருடைய பஸ் இல்லை.

இப்போது மறுபக்கத்தையும் சொல்கிறேன், அது எங்களுக்கு. சக்கர நாற்காலியில் இருப்பவர் பஸ் ஸ்டொப்பில் தெரியும்படி நின்றால்தான் எனக்குத் தெரியும். கவுரவம் பார்த்து மதிலுக்குப் பின்னால் ஒளிந்து நின்றால், எந்த டிரைவர் பலகையை நீட்டுவார்? நான் வருவேன், பார்ப்பேன், ஒருவருமில்லை என்று போய்விடுவேன். பிறகு, பஸ் எங்களை ஏற்றவில்லையே என்று அழுவதில் என்ன பயன்? தெரியும்படி நில்லுங்கள். அது பிச்சை கேட்பதல்ல. அரசு தரும் பெனிபிட் காசுக்குக் கை ஏந்துவதல்ல. நாங்களும் வரி கட்டிய பஸ், நாங்களும் தள்ளிய பஸ், எங்கள் பிள்ளையும் ஏற வேண்டிய பஸ்.

குழு அடுத்த மாதம் மறுபடி கூடுகிறது. வருகிற வெள்ளிக்கிழமை வரை யாரும் தங்கள் அனுபவத்தைச் சொல்லலாம். ஹெலன் இன்றைக்கு இங்கே வந்திருக்கிறார். வெளியே, கோட்டுகள் தொங்கும் நடைக்கூடத்தில் ஒரு சின்ன மேசையில் இருக்கிறார். பக்கத்தில் ஜதுர்ஷிகாவும் போய் இருப்பாள். ஆங்கிலம் வராதவர்கள் தமிழிலேயே சொல்லுங்கள், அவள் எழுதித் தருவாள். உங்கள் வீட்டு நோயின் பெயர் வேறாக இருக்கலாம். போய்ச் சொல்லுங்கள். இன்றைக்கு இந்த மருந்து, நாளைக்கு உங்கள் வீட்டு மருந்து. இந்த ஹரோவில், எத்தனை கராஜுக்குள் எத்தனை நாற்காலிகள் நிற்கின்றனவோ, எத்தனை அலுமாரிக்குள் எத்தனை இயந்திரங்கள் ஒளிந்திருக்கின்றனவோ, எத்தனை மேல்மாடி அறைகளில், விருந்தாளி போகுமட்டும் எத்தனை பிள்ளைகள் பொறுத்துக்கொண்டிருக்கிறார்களோ. திறந்துவிடுங்கள். கதவைத் திறப்பதுதானே விருந்தோம்பல்? முதலில் கராஜ் கதவைத் திறவுங்கள்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு தாய் எழுந்து வெளியே போகிறார். தேத்தண்ணிக்குப் போகிறார் என்று நினைத்துக்கொள்வோம். ஒருவரும் திரும்பிப் பார்க்காதேங்கோ. இந்தப் பக்கம், என்னைப் பாருங்கோ. இன்னொருவர் போனாலும் அப்படித்தான். நன்றி.

தலைவர் அவர்கள் மணியைக் கையில் எடுத்தார், பிறகு மேசையிலேயே வைத்துவிட்டார். நன்றி அண்ணை. நானே முடித்துவிடுகிறேன். ஆனால் இங்கே நின்று முடிக்கப்போவதில்லை. இந்த மேடைக்குப் படிகள் இருக்கின்றன, சாய்பலகை இல்லை. அடுத்த பொங்கலுக்குள் கவனித்துக்கொள்ளுங்கள். கம்சிகாவால் மேலே வர முடியாது, ஆகவே நான் கீழே வருகிறேன். மைக்கின் வயர் அதுவரை எட்டும்.

இதோ, வந்துவிட்டேன். மூன்றாவது வரிசையின் ஓரத்தில், தன் நாற்காலியில், இவள்தான் கம்சிகா. பாவம் என்று நான் சொல்லவில்லைதானே கண்ணே? இல்லை என்கிறாள். சரி.

மேடையில் பேசினால் வணக்கம் சொல்லி முடிப்பது எங்கள் வழக்கம். இன்றைக்கு அந்த வணக்கத்தை இவள் சொல்வதாகச் சம்மதித்திருக்கிறாள். இரண்டு கையும் நெஞ்சுக்கு உயர வேண்டும், விரல்கள் சந்திக்க வேண்டும். நீங்களும் நானும் ஒரு நாளைக்கு எத்தனையோ தரம் யோசிக்காமல் செய்வது. இவளுக்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும். யசோதினி, கையை மடியில் வைத்துக்கொள்ளுங்கோ. ஒருவரும் உதவ வேண்டாம், ஒருவரும் அவசரப்பட வேண்டாம். பஸ் நிற்கட்டும்.

வலது கை எழும்புகிறது. நாற்காலியின் பிடியில் முழங்கை. இடது கை வருகிறது. விழுந்துவிட்டது, பரவாயில்லை, நாங்கள் நிற்கிறோம். மறுபடி வருகிறது. இன்னும் கொஞ்சம்.

சந்தித்துவிட்டன.

இந்தக் கைகள் இன்றைக்குச் சந்திக்கின்றன சொந்தங்களே. அடுத்த பொங்கலுக்கும் சந்திக்க வேண்டும். அதற்குத்தான் அந்த மருந்து. அதற்குத்தான் அந்தப் பொதுப்பணம். அதற்குத்தான் நீங்கள் வாய் திறக்க வேண்டும். கம்சிகா, மைக் உன் பக்கத்தில் இருக்கிறது. சொல்லு பிள்ளை.

‘வணக்கம்.’

கேட்டது தலைவருக்கு, கேட்டது மருத்துவருக்கு, கேட்டது தாய்மாருக்கு. இத்தனை நேரம் பொறுத்திருந்து செவி கொடுத்த உங்கள் எல்லோருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. இனிப் பொங்கல் பரிமாறுவார்கள். முதல் தட்டு இந்தப் பிள்ளைக்கு. அவள் முடிக்கும் வரை நாங்கள் காத்திருப்போம். அதற்கு முன்னால், வந்த விருந்தாளிக்குச் சொல்வது போல, எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு எல்லோரும் ஒரு பதில் வணக்கம் சொல்லுங்கள்.